தேர்தல் வந்தால் சங்கம் என்ன செய்ய வேண்டும்? ஒரு பவுண்டரித் தொழிலாளியின் அனுபவக் குறிப்பு

கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில், அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலையில், வார்ப்பு அச்சு செய்யும் மோல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பதினாறு வருஷம் தொழிற்சங்கச் செயலாளர். மூன்று சட்டமன்றத் தேர்தல்கள் என் பொறுப்பில் வந்து போயின. புதிதாகப் பொறுப்புக்கு வருகிற தம்பி தங்கைகள் தேர்தல் நெருங்கினால் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, இந்தத் தடவை யாருக்கு ஆதரவுன்னு தீர்மானம் போடலாங்க?" எடுத்த எடுப்பில் அந்தக் கேள்விக்குப் போகாதீர்கள். அதற்கு முன்னால் ஆறு மாத வேலை கிடக்கிறது.

முதலில் பணம். என் முதல் தேர்தலில் நான் செய்த தப்பு இதில்தான். செயற்குழுவில் பெரும்பாலானவர்கள் ஒரு கூட்டணிப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். சங்கக் கணக்கிலிருந்து வேன் வாடகையும் மைக்செட் வாடகையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வவுச்சரில் 'கூட்டச் செலவு' என்று எழுதிவிட்டேன். அடுத்த பொதுப் பேரவையில், வார்ப்பின் பிசிறு நீக்கும் ஃபெட்லிங் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்தார். அதிர்ந்து பேசாத மனுஷன். ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த சந்தா ரசீதுகளை மேஜை மேல் வைத்தார். "நான் அந்தக் கட்சிக்கு ஓட்டே போட்டதில்லீங்க. என்ற சந்தாவுல அவங்களுக்கு எப்படிங்க மைக்கு கட்டுனீங்க?" எனக்கு வாய் எழவில்லை. அந்த வருஷம் பதினெட்டுப் பேர் சந்தா கட்டுவதை நிறுத்தினார்கள். அவர்கள் வீட்டுக்கு நடையாய் நடந்து திரும்பச் சேர்க்க இரண்டு வருஷம் பிடித்தது.

சட்டமும் அவர் பக்கம்தான். பொது நிதியை எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்று 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 15ஆவது பிரிவு பட்டியல் போட்டிருந்தது. வேட்பாளருக்கான செலவு அதில் கிடையாது. அரசியல் காரியத்துக்குத் தனி நிதி திரட்டலாம் என்றது 16ஆவது பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனாலும் அரசியல் நிதி தனியாக இருக்க வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்காதவருக்குச் சங்கத்தின் எந்தப் பலனும் குறையக் கூடாது என்ற மூன்றும் அதிலும் உண்டு. ஆகவே தேர்தலுக்கு என்று தனி வங்கிக் கணக்கு, வேறு நிறத்தில் தனி ரசீது புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். சம்பள நாளில் கேட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து வசூலிக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவன் கொடுக்கிறானே என்று கூச்சத்தில் கொடுக்கிற பணம் மனம் ஒப்பிக் கொடுத்த பணம் ஆகாது.

அடுத்தது கோரிக்கை. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பிரிவு வாரியாகக் கேட்டால் நாற்பது கோரிக்கை வரும். அதை மூன்றாகப் பிரியுங்கள்: நிர்வாகத்திடம் பேச வேண்டியது, மத்திய அரசிடம் கேட்க வேண்டியது, மாநில அரசால் முடிவது. பி.எஃப். பென்ஷனை உயர்த்தச் சொல்லி எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் மனு கொடுப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார், அவர் கையில் அதிகாரம் இல்லாத விஷயம் என்பதால். குறைந்தபட்சக் கூலி அரசாணை, தொழிற்சாலை ஆய்வாளர் பணியிடங்கள், நல வாரியங்கள், ஷிப்ட் நேரத்துக்கு டவுன் பஸ், இவையெல்லாம் மாநிலத்தின் கையில் இருப்பவை. தொழிலாளர் விஷயம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால் மத்தியச் சட்டத்துக்கும் மாநிலம் விதி எழுத வேண்டும். அந்த விதிகளில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கலாம். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுக்கே உரியது. அதைக் கறாராக அமல்படுத்தச் சொல்லிக் கேட்பது எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் கேட்க வேண்டிய சரியான கேள்வி.

நாற்பதை நாலாக்குங்கள். ஒரே பக்கத்துக்குள் இருக்கட்டும். நாலில் ஒன்றாவது கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். எங்களுடையது பஸ். ராத்திரி பத்து மணி ஷிப்ட் விட்டு வெளியே வந்தால் கடைசி பஸ் போயிருக்கும். வார்ப்புக்குள் வைக்கும் மணல் அச்சு செய்கிற கோர் ஷாப்பில் வேலை செய்த பெண்கள் நாலு நாலு பேராகச் சேர்ந்து மெயின் ரோடு வரை நடப்பார்கள். 'பத்தேகாலுக்கு எங்கள் கேட்டிலிருந்து ஒரு பஸ்' என்று எழுதினோம். சுற்றி வளைக்காத இந்த ஒரு வரி, 'தொழிலாளர் நலன் காக்க' என்று தொடங்கும் பத்து வரியைவிட வேட்பாளரைச் சங்கடப்படுத்தும்.

இதற்கு நடுவிலேயே வாக்காளர் பட்டியல் வேலை. எங்கள் உறுப்பினர்கள் சிங்காநல்லூர், சூலூர், கவுண்டம்பாளையம், கிணத்துக்கடவு என்று நாலு தொகுதியில் சிதறிக் கிடந்தார்கள். உறுப்பினர் பதிவேட்டை எடுத்து, தொகுதி, பாகம், வரிசை எண் என்று மூன்று கட்டம் கூடுதலாகப் போட்டோம். பெயரில்லாதவர்களுக்குப் படிவம் 6. வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. வாடகை வீடு மாறி மாறிப் போகிற ஒப்பந்தத் தொழிலாளிதான் பட்டியலிலிருந்து முதலில் விழுவார். அவர் சங்கத்தில் இல்லாவிட்டாலும் அவருக்கும் எழுதிக் கொடுங்கள். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் வேட்பாளரிடம் "உங்க தொகுதியில எங்க குடும்ப ஓட்டு இவ்வளவுங்க" என்று வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல் சொல்லலாம். அந்தப் பதிவேட்டை மட்டும் எந்தக் கட்சிக்கும் கொடுத்துவிடாதீர்கள். கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

ஆலைக் கேட்டில் நடத்தும் வாயிற்கூட்டத்துக்கு எல்லா முக்கிய வேட்பாளர்களையும் அழையுங்கள், நாள் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். எங்களுக்கு ரெண்டு மணி சங்கு. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் சேர்ந்து நிற்கிற நேரம் பதினைந்து நிமிஷம்கூடக் கிடையாது. அதில் வேட்பாளர் ஐந்து நிமிஷம் பேசட்டும். மாலை, சால்வை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். கோரிக்கைத் தாளைச் சங்கத் தலைவர் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேட்பாளர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வேட்பாளர் "ஆபீசுக்கு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். கோர் ஷாப் அம்மா ஒருவர், கையில் டிபன் தூக்கோடு நின்றவர், தன் பேனாவை நீட்டினார். "இங்கயே போட்டுருங்க சாமி, நான் பஸ்ஸுக்கு நடக்கோணும்." வேட்பாளர் போட்டார். மசி சரியாக இறங்காமல் இரண்டு தடவை இழுத்த அந்தக் கையெழுத்து இன்னும் எங்கள் ஃபைலில் இருக்கிறது.

ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்காமல் எதுவும் தொடங்காதீர்கள். நோட்டீஸ் அடித்தால் அச்சிட்டவர் பெயர் முகவரி, வெளியிடுபவர் பெயர் முகவரி இரண்டும் அதில் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு இது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு வேட்பாளருக்காகச் சங்கம் செலவு செய்வதானால் அவரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அது அவருடைய செலவுக் கணக்கிலும் ஏறும். தேர்தல் பறக்கும் படை வண்டிகளை நிறுத்திப் பணத்தைச் சோதிக்கும் காலத்தில் சந்தாப் பணத்தை எடுத்துப் போகும்போது ரசீது புத்தகமும் பாஸ் புத்தகமும் கூடவே இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆதரவுத் தீர்மானம். எனக்கென்று ஒரு கருத்து உண்டு: எல்லாக் கட்சிக்காரர்களும் உறுப்பினராக இருக்கிற ஆலைச் சங்கம் ஒருவரை ஆதரித்துத் தீர்மானம் போடாமல் இருப்பதே நல்லது. யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் போடவில்லை, யார் வரவே இல்லை என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினால் போதும். ஓட்டு உறுப்பினருடையது. மத்தியச் சங்கத்தோடு இணைந்த கிளையாக இருந்தால் மேலிருந்து முடிவு வரும். அப்போதும் பேரவையில் விவாதித்து, மாற்றுக் கருத்தை மினிட்டில் பதிவு செய்யுங்கள்.

வாக்குப்பதிவு நாளில் சங்கத்துக்கு முக்கியமான ஒரு வேலை உண்டு. அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவுப்படி அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை, தினக்கூலிக்கும் உண்டு. நிறைய இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது மறுக்கப்படுகிறது. ஒரு வாரம் முன்பே நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் வேலைக்கு விலக்கு இருக்கிறது. உலோகம் உருக்கும் பர்னஸைக் காட்டி நிர்வாகம் அதைப் பிடித்துக்கொள்ளும். பர்னஸ் ஆட்களை இரண்டு அணியாக்கி, ஒரு அணி காலை ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மற்றவர்களை அனுப்புவது என்று நாங்கள் ஏற்பாடு செய்தோம்.

தேர்தல் முடிந்ததும் சங்கங்கள் தூங்கப் போகும். உண்மையான அரசியல் வேலை அப்போதுதான் ஆரம்பம். ஜெயித்தவர் பதவியேற்ற முதல் மாதத்திலேயே கையெழுத்துத் தாளின் நகலோடு போய்ப் பாருங்கள். தொழிலாளர் நலத் துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் வருவதற்கு முன்பே கேள்வியை எழுதி அவர் கையில் கொடுங்கள். பஸ் விஷயத்தில் ஜெயித்தவர் எங்கள் செயற்குழுவில் பாதிப் பேர் எதிர்த்து வேலை செய்த கட்சிக்காரர். சங்கம் யார் பக்கமும் நிற்காததால் நாங்கள் தலை நிமிர்ந்து போய் உட்கார்ந்து பேச முடிந்தது. ஏழு மாதத்தில், ஐந்து தடவை நடந்த பிறகு பஸ் வந்தது.

நடுவில் வரும் மசோதாக்களையும் விடாதீர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அன்றைய ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கம் உட்படப் பல சங்கங்களும் எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று அதை நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாளில் அது நடந்தது. அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன், ஆனாலும் எங்கள் கேட்டுக்குப் போய் நின்றேன். இப்போதைய செயலாளர் தம்பி மசோதாவின் பிரிவை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ரசீதுகளை மேஜையில் வைத்த ஃபெட்லிங் பிரிவுக்காரரும், தலையெல்லாம் நரைத்துப் போய், கூட்டத்தின் முன்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.