கையில் காசு குறைவாக இருக்கும்போது கவுன்சலிங் தேடுவோர் செய்யும் தவறுகள்

மனக்கஷ்டத்தைப் பற்றி யாரிடமாவது முறையாகப் பேசித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுப்பதற்கே பலருக்கு மாதக்கணக்காகிறது. அப்படி மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களும், முன்பு வந்தவர்கள் இடறிய அதே இடங்களில் இடறுவதைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது. நேரத்துக்குப் போகாதது, போனை அணைக்காமல் உட்காருவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை இரண்டாம் தடவையே சரியாகிவிடும். பணத்தையும் தின்று, குணமாவதையும் தள்ளிப்போடும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

கட்டணத்தைப் பேசாமல் தொடங்கி, சொல்லாமல் நின்றுவிடுவது

பணம் இல்லாதவர்களுக்கு அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். ஆண்டுக்கணக்காகப் பார்த்தும் இதன் மேல் உள்ள எரிச்சல் குறையவே இல்லை.

வழக்கமாக நடப்பது இப்படி. ஒருவர் நல்ல கவுன்சலர் ஒருவரை விசாரித்துக் கண்டுபிடிக்கிறார். கட்டணம் தன் சக்திக்கு மீறியது என்று தெரிந்தும், கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வாயைத் திறப்பதில்லை. சேமிப்பிலிருந்து எடுத்து முதல் வாரம் போகிறார், இரண்டாம் வாரம் போகிறார். நான்காம் வாரம் கையில் இல்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு செய்தி அனுப்பி அமர்வை ரத்து செய்கிறார். அடுத்த வாரம் அதுவும் அனுப்புவதில்லை. ஆறு மாதம் கழித்து நிலைமை மோசமாகி வேறொருவரிடம் போகிறார். அங்கே முதல் கேள்வி: "சொல்லுங்க, எப்போதிலிருந்து இப்படி இருக்கு?" மறுபடியும் ஆரம்பத்திலிருந்து.

அந்த மூன்று அமர்வுகளில் அவருக்கு என்ன கிடைத்தது? பெரும்பாலும் விவரம் சொன்னதோடு சரி. ஒரு அமர்வு சாதாரணமாக 45 முதல் 60 நிமிடம். பிரச்சினை எப்போது தொடங்கியது, தூக்கம், பசி, குடிப்பழக்கம், குடும்பம், முன்பு எடுத்த சிகிச்சை, உயிருக்கு ஆபத்தான எண்ணம் உண்டா, எதை மாற்ற விரும்புகிறார் என்பதையெல்லாம் கேட்டு முடிக்கவே ஒன்றிரண்டு அமர்வுகள் போய்விடும். சிகிச்சை என்று சொல்லத்தக்க வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மூன்றில் நின்றுவிடுகிறவர் அஸ்திவாரம் தோண்டக் கூலி கொடுத்துவிட்டு, வீடு கட்டாமல் அடுத்த மனைக்குப் போகிறார். அங்கேயும் தோண்டக் கூலி கொடுக்கிறார். இன்னொரு சேதமும் உண்டு: "கவுன்சலிங் போய்ப் பார்த்தேன், எனக்கு ஒத்துவரவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அவருக்குச் சிகிச்சையே நடக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

இதைத் தவிர்க்க, முதல் அமர்வுக்கு முன்பே, நேரம் குறிக்கப் பேசும்போதே பணத்தைப் பேசிவிடுங்கள். இப்படிக் கேட்டால் போதும்: "மாசத்துக்கு என்னால இவ்வளவுதான் ஒதுக்க முடியும். இந்தத் தொகைக்குள்ள எத்தனை தடவை வரலாம்? உங்ககிட்ட முடியாதுன்னா, வேற யார்கிட்ட கேட்கலாம்னு சொல்லுங்க." இதில் மூன்று விஷயம் அடங்கியிருக்கிறது: தொகை, வழி, அடுத்த முகவரி. "கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா?" என்று மொட்டையாகக் கேட்டால், முடியும் அல்லது முடியாது என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் கவுன்சலர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். சிலர் தங்களிடம் வருகிறவர்களில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் குறைந்த கட்டண இடம் வைத்திருப்பார்கள். அதை விளம்பரம் செய்ய மாட்டார்கள், கேட்டவருக்குத்தான் கிடைக்கும். இடம் நிரம்பியிருந்தால், எப்போது காலியாகும் என்று கேட்டுப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். மாலை நேரத்துக்கும் வார இறுதிக்கும்தான் போட்டி அதிகம். பகல் நேரத்தில் வர முடியும் என்று சொன்னால் இறங்கி வர வாய்ப்பு உண்டு.

சலுகை கிடைத்ததும் நிம்மதியாக இருந்துவிடாமல் மேலும் மூன்றைக் கேளுங்கள். இந்தக் கட்டணம் எத்தனை மாதத்துக்கு? வர முடியாமல் போனால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும்? (24 அல்லது 48 மணி நேரம் முன்பு சொல்லாவிட்டால் முழுக் கட்டணம் என்று விதி வைத்திருப்பவர்கள் அதிகம். சலுகையில் வருகிறவருக்கு அந்த ஒரு அபராதமே பெரிய அடி.) என்னுடைய பிரச்சினைக்கு ஏறக்குறைய எத்தனை அமர்வு தேவைப்படும்? மூன்றாவது கேள்விக்குத் துல்லியமான பதில் வராது. ஆனால் "8 முதல் 12 வரை, நான்காவதில் ஒரு தடவை சரிபார்ப்போம்" என்பது போன்ற பதிலை எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

கையில் இருக்கும் பணம் 8 அமர்வுக்குத்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒன்றாகப் போனால் 8 வாரத்தில் தீர்ந்துவிடும். முதல் 4 அமர்வை வாரம் ஒன்றாகவும், அடுத்த 3 அமர்வை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகவும், கடைசி அமர்வை ஒரு மாதம் கழித்தும் வைத்தால் அதே பணம் 14 வாரம் தாங்கும். தொடக்கத்தில் நெருக்கமாகப் போவது முக்கியம். ஆரம்பத்திலேயே மாதம் ஒரு தடவை என்று வைத்தால் ஒவ்வொரு அமர்வும் அந்த மாதத்தில் நடந்ததைச் சொல்வதிலேயே கழியும். இடைவெளி விடும் வாரங்களில், கொடுத்த வீட்டுப்பயிற்சியைச் செய்தாக வேண்டும். அதைச் செய்யாதவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

போகும் முதல் நாளே ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பிரச்சினை இரண்டு வரியில், தொடங்கிய மாதம், எத்தனை மணி நேரத் தூக்கம், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் மில்லிகிராம் அளவும், முன்பு பார்த்த சிகிச்சை, மாற வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் ஒன்று அல்லது இரண்டு. கேள்வி கேட்டு வாங்கும் நேரத்தில் ஒரு பகுதியாவது மிச்சமாகும்.

எல்லாம் செய்தும் பணம் தீர்ந்துபோகலாம். அப்போது காணாமல் போகாதீர்கள். இரண்டு அமர்வு மீதமிருக்கும்போதே சொல்லுங்கள். கடைசி அமர்வை, மறுபடியும் சறுக்கினால் முதலில் தெரியும் அறிகுறிகள் என்ன, அப்போது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வாங்கப் பயன்படுத்தலாம். அதோடு ஒரு பக்கச் சுருக்கக் கடிதமும் கேட்டு வாங்குங்கள்: என்ன பிரச்சினை என்று மதிப்பிட்டார்கள், எதை முயன்றார்கள், எது பலன் தந்தது. அடுத்து எங்கே போனாலும் அந்தக் கடிதம் ஒன்றிரண்டு அமர்வின் காசை மிச்சப்படுத்தும்.

கடன் வாங்கி கவுன்சலிங் போவது

வேண்டாம். கடன் கவலையே அடுத்த பிரச்சினையாகிவிடும்.

பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டுவது

ஒத்துவராவிட்டால் மீதித் தொகை திரும்பி வருமா என்று எழுத்தில் இல்லாதவரை கட்டாதீர்கள்.

பயிற்சியில் இருப்பவர் என்றதும் ஒதுக்குவது

பல்கலைக்கழக உளவியல் துறைகளும் பயிற்சி மையங்களும் நடத்தும் கிளினிக்குகளில் கட்டணம் மிகக் குறைவு, சில இடங்களில் இலவசம். முதுநிலை மாணவர்தான் பேசுவார். ஆனால் ஒவ்வொரு வாரமும் அனுபவமுள்ள ஒருவர் அவருடைய வேலையைப் பார்த்துத் திருத்துவார். அதாவது உங்கள் பிரச்சினையை இரண்டு பேர் யோசிக்கிறார்கள். முறையான பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தால் பட்டம் இல்லாதவர்களாலும் பலன் தர முடியும் என்பதற்குச் சான்றே இருக்கிறது. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட இவர்களிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஒரு முறையும் இப்படிப் பட்டம் இல்லாமல் பயிற்சி பெற்றவர்கள் நடத்துவதற்கானதுதான்: 90 நிமிடம் வீதம் 5 அமர்வுகள், அவ்வளவே.

பயிற்சிக் கிளினிக்கில் கவனிக்க வேண்டியவை வேறு. மேற்பார்வைக்காக அமர்வைப் பதிவு செய்யலாமா என்று கேட்பார்கள். அந்தப் பதிவை யார் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். மாணவரின் பருவம் எப்போது முடிகிறது என்று முதல் நாளே கேளுங்கள். பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது சேர்ந்தால் நடுவில் ஆள் மாறும். புதுப் பருவம் தொடங்கும் சமயத்தில் விண்ணப்பித்தால் இடமும் சீக்கிரம் கிடைக்கும்.

பெயர்ப்பலகையை நம்புவது

பல நாடுகளில் 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். எங்கே படித்தார், எந்த அமைப்பில் பதிவு, பதிவு எண் என்ன, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் போக வேண்டியதில்லை.

ஒரே ஒரு காத்திருப்புப் பட்டியல்

மலிவான இடங்களில் எல்லாம் வரிசை இருக்கும். குறைந்தது மூன்று இடத்தில் பெயர் கொடுங்கள். கடைசி நேரத்தில் யாராவது ரத்து செய்தால் கூப்பிடச் சொல்லி, எவ்வளவு நேரத்தில் வந்து சேர முடியும் என்பதையும் சொல்லிவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு ஞாபகப்படுத்துவது தொந்தரவாகாது.

ஏற்கெனவே இருக்கும் இலவசத்தைக் கேட்காமல் விடுவது

வேலை செய்யும் நிறுவனம் ஊழியர் நல உதவித் திட்டம் வைத்திருக்கலாம். சில அமர்வுகள் இலவசமாகக் கிடைக்கும். கல்லூரியில் படிப்பவருக்குக் கல்லூரிக் கவுன்சலர். முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. நிறுவனத்துக்கு என்னென்ன தகவல் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். முறையாக நடக்கும் திட்டங்களில் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே போகும், பெயர் போகாது.

குழு என்றால் கூச்சப்படுவது

பதற்றம், மனச்சோர்வு, துக்கம், குடிப்பழக்கம் போன்றவற்றுக்குக் குழுச் சிகிச்சை தனி அமர்வுக்கு ஏறத்தாழ இணையான பலன் தருகிறது. கட்டணத்தைப் பல பேர் பகிர்வதால் செலவும் குறைவு. இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் தடவை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சொந்தக்காரரையே கவுன்சலராக்குவது

படித்தவராகவே இருந்தாலும் கூடாது.

உடம்பைப் பார்க்காமல் மனசை மட்டும் பார்ப்பது

தைராய்டு சுரப்பு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை சோர்வு, கவனமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை என்று மனச்சோர்வைப் போலவே தோன்றும். சில ரத்தப் பரிசோதனைகளில் தெரிந்துவிடக்கூடியதை மாதக்கணக்கில் பேசித் தீர்க்க முடியாது. முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமலேயே அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருப்பது போன்றவை இருந்தால் நேராக மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே மருந்துதான் முதல் தேவை.

பலனை அளக்காமல் பணத்தைக் கட்டிக்கொண்டே இருப்பது

மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்விகள் கொண்ட தாள் உலகெங்கும் பயன்படுகிறது. இலவசம், 5 நிமிடத்தில் முடியும். மதிப்பெண் 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நிபுணரைப் பார்ப்பது அவசியம். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7, அதில் 7 கேள்விகள், அதிகபட்சம் 21. இரண்டுமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பதால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எழுதினால் போதும். பி.எச்.க்யூ-9-இல் 5 புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகும் எண் அசையவில்லை என்றால் தாளைக் கவுன்சலரிடமே காட்டி, முறையை மாற்றலாமா என்று கேளுங்கள். நல்ல கவுன்சலர் இதை வரவேற்பார்.

அந்தத் தாளின் 9-ஆவது கேள்வி, சாகலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு உங்கள் பதில் பூஜ்யமாக இல்லாவிட்டால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் அன்றைக்கே கவுன்சலரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் தனியாக இருக்காதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரவில் யாரும் கிடைக்காவிட்டால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இந்த நேரத்தில் பணத்தை யோசிக்க வேண்டாம்.

இலவச ஆப்பிடம் எல்லாவற்றையும் கொட்டுவது

மூச்சுப் பயிற்சிக்கும் தூக்கக் குறிப்புக்கும் பயன்படுத்துங்கள். இலவச சோதனைக் காலத்துக்குக் கார்டு எண் கேட்டால், முடியும் தேதியைக் குறித்துவைத்து முந்தைய நாளே ரத்து செய்யுங்கள். நீங்கள் எழுதுவது யாருக்குப் போகிறது என்று தெரியாதவரை பெயர்களை எழுதாதீர்கள்.

காசில்லை என்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவது

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டத் தொடங்கவே பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் 'வேலை செய்யவில்லை' என்று விடுவது ஒரு தவறு. பலன் தந்துகொண்டிருப்பதைப் பணத்தட்டுப்பாட்டில் ஒரே நாளில் நிறுத்துவது அதைவிட மோசம்: தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு என்று வரிசையாக வரலாம். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடியும் செலவு செய்ய ஓடுவார்கள். கையில் 10 நாளுக்கான மாத்திரை இருக்கும்போதே மருத்துவரிடம் போய்ப் பண நிலையைச் சொல்லுங்கள். அதே மருந்தின் மலிவான ஜெனரிக் வகையை எழுதித் தரச் சொல்லலாம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை அவரே போட்டுத் தருவார்.