தண்ணீர் சூடானால் மீனுக்கு மூச்சு வாங்குமா? எண்ணிப் பார்க்கும் முறை

சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் மீன் வேகமாக மூச்சு விடும் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அது பாதிக் கதைதான். காற்று நன்றாகக் கலந்த நன்னீரில் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் 7.6. குறைவது ஆறில் ஒரு பங்கு. அதே பத்து டிகிரியில் மீனின் ஆக்சிஜன் தேவையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். செவுளை ஓட ஓட வேலை வாங்குவது பெரும்பாலும் இந்தத் தேவைதான். செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணி இதை வீட்டிலேயே பார்க்கலாம்.

ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமுள்ள தங்கமீன் ஒன்று போதும். ஃபைட்டர், கௌராமி, விரால், பனையேறிக் கெண்டை வேண்டாம். இவை மேலே வந்து காற்றையே விழுங்குபவை, செவுளை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். முந்தின இரவிலிருந்து தீனி போடாதீர்கள். செரிமானத்துக்கே ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும்.

நாலைந்து லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டியில், மீன் ஏற்கெனவே இருந்த தண்ணீரையே ஊற்றி மீனை விடுங்கள். பின் மூலையில் ஏர் ஸ்டோன் (பம்பிலிருந்து வரும் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) விடாமல் ஓடட்டும். தொட்டியை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் வைத்து, டப்பிலும் தண்ணீர் நிரப்புங்கள். ஐஸ், வெந்நீர் எல்லாம் டப்புக்குத்தான். ஐஸைத் தொட்டிக்குள் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிரும், ஐஸில் குளோரின் இருந்தால் அதுவும் கலக்கும். கொதித்த தண்ணீரில் ஆக்சிஜன் போய்விட்டிருக்கும். அதை உள்ளே ஊற்றினால் எது எதனால் என்றே தெரியாது.

நம் ஊரில் அறை வெப்பத்திலேயே தண்ணீர் 27 டிகிரி இருக்கும். அதற்கு மேல் சூடேற்றி மீனை வதைக்க வேண்டியதில்லை, கீழே இறங்கினால் போதும்: 27, 24, 21, 18. ஒவ்வொரு மூன்று டிகிரிக்கும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் நின்ற பிறகு கால் மணி நேரம் காத்திருந்து எண்ணுங்கள். தெர்மாமீட்டர் முனை மீன் நிற்கும் ஆழத்தில் இருக்கட்டும்.

செவுள் மூடி ஒருமுறை திறந்து மூடினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். மீன் நீந்தும்போது எண்ணியதைத் தள்ளிவிடுங்கள். குனிந்து மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் அசையாமல் உட்காருங்கள். தலைக்கு மேல் நிழல் விழுந்தாலே மீன் மிரளும். கண்ணுக்குப் பிடிபடாத வேகமென்றால் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து நிதானமாக எண்ணலாம்.

மீன் மேற்பரப்பில் வாயைப் பிளந்து நின்றாலோ, ஒருக்களித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். ஆனால் பதறிப்போய் பழைய தண்ணீருக்குத் தூக்கிப் போடக் கூடாது. ஐஸை எடுத்துவிட்டு, தானாகச் சூடேற விடுங்கள்.

18-ல் எண்ணி முடித்ததும் அதே படிகளில் ஏறி வரும்போதும் எண்ணுங்கள். பலரும் விடுவது இதைத்தான். இறங்கும்போது 27-ல் கிடைத்ததைவிட ஏறும்போது 27-ல் எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தால், முதலில் நீங்கள் எண்ணியதில் இடம் மாறிய மிரட்சியும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் எந்த வெப்பத்தில் எத்தனை என்று வரைபடம் போடும்போது ஏறும்போது எடுத்த எண்களையே வையுங்கள்.