ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள்: பழைய நண்பர்களோடு கும்பகோணம் சுற்றுப்பயணம் போடுவது எப்படி

"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பது டெல்டாக்காரர்களின் கணக்கு. பழந்தமிழில் இந்த இரண்டு மாதத்துக்கும் கூதிர்காலம் என்று பெயர். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். பள்ளித் தோழர்கள் 12 பேர் ஒரு வண்டியில் ஏறி ஊர் சுற்ற வேண்டுமென்றால், அதற்கு முந்தைய மூன்று வாரம்தான் சரியான காலம். வெயிலின் கடுமை குறைந்திருக்கும், ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும், சேற்றில் கால் புதையாது.

அதே வாரங்களில்தான் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நடக்கும். வரப்புக்கு இந்தப் பக்கம் கதிர் பழுத்து நிற்கும், அந்தப் பக்கம் சேற்றுழவு நடக்கும், டிராக்டர் பின்னாலேயே கொக்குகள் வரும். அறுத்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் கூட்டம் கூட்டமாக இறக்கியிருப்பார்கள். வேறு எந்த மாதத்திலும் இத்தனையையும் ஒரே ஜன்னலில் பார்க்க முடியாது.

1. தேதியை நீங்களே சொல்லுங்கள்

"எல்லாருக்கும் எப்போ வசதி?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. ஒருவர் மகளின் தேர்வைச் சொல்வார், இன்னொருவர் நல்ல நாள் பார்ப்பார், பத்து நாள் ஓடிவிடும். புரட்டாசியின் கடைசி இரண்டு வாரத்தில் இரண்டு தேதிகளை மட்டும் கொடுத்து, "இதுவா, அதுவா?" என்று கேளுங்கள். அதிகம் பேர் சொல்லும் தேதியை அன்று இரவே முடிவாக்கிவிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் சில. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒப்பிலியப்பன் கோயில், நாச்சியார்கோயில் சாலையில் பெருமாள் கோயில் கூட்டம் நெருக்கும். ஆயுத பூஜையன்று வண்டி கிடைத்தாலும் டிரைவர் கிடைக்க மாட்டார். தீபாவளிக்கு முந்தைய வார இறுதியில் கும்பகோணம் கடைத்தெருவைக் கடக்கவே நேரம் போய்விடும். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம் கங்கைகொண்ட சோழபுரத்தில் கண்கொள்ளாக் காட்சி, ஆனால் அன்று சிற்பத்தை நின்று பார்க்க இடம் இருக்காது. அதற்கென்றே தனியாக ஒருமுறை வாருங்கள்.

2. பணத்தை முதலில் வாங்குங்கள்

வண்டி வாடகை ஆள் குறைந்தால் குறையாது. உதாரணமாக வாடகை, பேட்டா எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் வந்தால் தலைக்கு 750. முந்தைய நாள் மூன்று பேர் கழன்றுகொண்டால் மற்றவர்களுக்குத் தலைக்கு 1,000. நட்பில் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இந்த 250 ரூபாயில்தான். அதனால் வண்டிப் பங்கை பத்து நாளுக்கு முன்பே ஜிபேயில் வாங்கிவிடுங்கள், வராவிட்டால் அது திரும்பாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுப் பணத்தை அன்றைக்கு வாங்கினால் போதும். கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

3. வண்டி பேசும்போது கேட்க வேண்டியவை

12 பேருக்கு 12 சீட் வேன் வேண்டாம். 17 சீட் டெம்போ டிராவலர் எடுங்கள். கடைசி வரிசையில் சாப்பாட்டுக் கூடையும் தண்ணீர்க் கேனும் போகும், முட்டிவலிக்காரர்கள் கால் நீட்டலாம். பேசும்போது இவற்றைத் தெளிவாகக் கேளுங்கள்: கிலோமீட்டர் கணக்கு வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தா, நாம் ஏறிய இடத்திலிருந்தா? நாள் வாடகையில் எத்தனை கி.மீ. அடங்கும்? டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் யார் கணக்கு? நாம் போடும் வழி மொத்தம் 90 முதல் 100 கி.மீ. தான். கிலோமீட்டர் கணக்கில் பேசுபவர்கள் பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கைக் குறைந்தபட்சமாக வைப்பார்கள். எனவே உள்ளூர் வண்டியை நாள் வாடகைக்குப் பேசுவதுதான் கட்டும்.

வழியில் யாராவது "அப்படியே தரங்கம்பாடி, காரைக்கால் போய்வருவோமே" என்பார்கள். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். சுற்றுலா வண்டிக்குத் தனி பர்மிட் வேண்டியிருக்கும். அன்றைக்கு அதைத் தொடாதீர்கள்.

4. மூன்று இடம், அதற்கு மேல் வேண்டாம்

முதல்முறை திட்டம் போடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே நாளில் ஒன்பது கோயில் போடுவது. கும்பகோணத்தைச் சுற்றி இறங்கிய இடமெல்லாம் கோயில்தான், ஆசைக்கு எல்லையே இல்லை. ஆனால் 12 பேர் வண்டியிலிருந்து இறங்கி, செருப்பை விட்டு, திரும்ப ஏறவே ஒவ்வொரு இடத்திலும் 20 நிமிடம் போகும். ஒன்பது இடமென்றால் அதுவே மூன்று மணி நேரம்.

இன்னொன்று, நண்பகலை ஒட்டி நடை சார்த்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இது தெரியாமல் 12.30-க்குக் கோயில் வாசலில் நின்று, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புபவர்கள் தினமும் உண்டு. காலையில் இரண்டு, மாலையில் ஒன்று, நடுவில் சாப்பாடு, தூக்கம், பேச்சு. இப்படிப் பிரித்துக்கொண்டால் நாள் தானாக அமையும்.

காலை 6.45, கும்பகோணம் ரயில் நிலைய வாசல். குழுவில் 6.15 என்று போடுங்கள்.

7.00 முதல் 8.30, தாராசுரம். ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் இது. கிழக்குப் பார்த்த கோயில் என்பதால், சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் போன்ற முன்மண்டபத்தில் காலை வெயில் நேராக விழும். மாலையில் வந்தால் அதே பக்கம் நிழலாகிவிடும். முதலில் இங்கே வரச் சொல்வது அதனால்தான்.

இங்கே எல்லோரும் ஆனை உருவமும் காளை உருவமும் ஒரே தலையைப் பகிரும் சிற்பத்தைத் தேடிப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பாருங்கள், ஆனால் கருவறையைச் சுற்றிய அடிப்பகுதியில் குனிந்து பார்க்க மறக்காதீர்கள். நாயன்மார் கதைகள் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். கண்ணப்பர் எது, சுந்தரரை முதலை உண்ட பாலகனோடு காட்டுவது எது என்று ஆளுக்கொன்றாகக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூட நண்பர்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. வாசலில் தட்டினால் இசை எழும் பலிபீடப் படிகள் கம்பித் தடுப்புக்குள் இருக்கின்றன, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

முந்தைய இரவு கனமழை பெய்திருந்தால், தரைமட்டத்தைவிடத் தாழ்ந்த முன்பகுதியில் தண்ணீர் தேங்கும். வேட்டியை மடித்துக் கட்டத் தயாராக இருங்கள்.

8.45, டிபன். கடப்பா கிடைக்கும் நாளாக இருந்தால் இட்லியோடு அதைக் கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த, சாம்பாருமல்லாத குருமாவுமல்லாத கும்பகோணத்துப் பதம். பித்தளை டவரா செட் வைத்தாலே டிகிரி காபி ஆகிவிடாது. பால் கறந்த சூடு போகாமல், டிகாக்‌ஷன் முதல் இறக்கமாக இருக்க வேண்டும். கூட்டமுள்ள கடையில் குடியுங்கள், அங்கே டிகாக்‌ஷன் பழசாக நேரமிருக்காது.

9.45 முதல் 12.00, சுவாமிமலை. கோயிலுக்கு 60 படி, தமிழ் ஆண்டுகள் அறுபதின் கணக்கு. முட்டி ஒத்துழைக்காதவர்கள் கீழ்ச்சன்னதியில் உட்காரலாம்.

கோயிலைவிட இங்கே அதிக நேரம் கொடுக்க வேண்டியது உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகளுக்கு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் காவிரிக்கரை வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் காயவைத்து, அடுத்தடுத்த பூச்சில் பருமனாக்குவார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அது விட்ட வெற்றிடத்தில் உலோகக் குழம்பு இறங்கும். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும், அதனால் ஓர் அச்சுக்கு ஒரே சிலை. வண்டல் மிக நுண்ணியது என்பதால் மெழுகில் கீறிய நகக்கோடுகூட உலோகத்தில் பதியும். இந்தத் தொழில் இந்த ஊரில் தங்கியதற்கு அந்த மண்ணும் ஒரு காரணம்.

வார்ப்பு தினமும் நடக்காது. இரண்டு நாள் முன்பு ஒரு பட்டறையில் பேசி, என்ன வேலை நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 12 பேரும் ஒரே நேரத்தில் உள்ளே போகாமல் ஆறு ஆறாகப் போங்கள். படமெடுக்கும் முன் கேளுங்கள். சிலை வாங்கும் எண்ணமில்லை என்றால் விலை கேட்டு அவர்கள் நேரத்தைச் சாப்பிடாதீர்கள்.

5. மதியச் சாப்பாடு: கட்டுச்சோறா, ஓட்டலா?

குழுவில் ஒருவருக்காவது இந்தப் பக்கத்துக் கிராமத்தில் வீடு இருக்கும். திண்ணையோ கூடமோ இருந்தால் கட்டுச்சோறே சிறந்தது. ஆற்றங்கரை மரத்தடியை நம்ப வேண்டாம், அக்டோபர் மதியத்தில் மழை சொல்லிவிட்டு வராது.

12 பேருக்கு அளவு: புளியோதரைக்கு 1 கிலோ அரிசி, 150 கிராம் புளி, 250 மி.லி. நல்லெண்ணெய். தயிர்சாதத்துக்கு முக்கால் கிலோ அரிசி, ஒன்றரை லிட்டர் காய்ச்சிய பால், மூன்று மேசைக்கரண்டி தயிர். ஒரு 20 லிட்டர் தண்ணீர்க் கேன், கூடவே ஆளுக்கொரு பாட்டில்.

புளியோதரை கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், சூட்டோடு கட்டுவது. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு முழுக்க ஆறவிட்டுப் பிறகு புளிக்காய்ச்சலைக் கலக்குங்கள். மூடிய பாத்திரத்தில் ஆவி நீராகச் சொட்டினால் மதியத்துக்குள் ஊசிவிடும். தயிர்சாதத்தில் விடியற்காலையில் தயிரை நிறைய ஊற்றினால் ஒரு மணிக்குப் பல் கூசும். பாலை ஊற்றிப் பிசைந்து, தயிரைப் பெயருக்கு விடுங்கள், போகும் வழியிலேயே உறைந்து பதமாக இருக்கும். வாழை இலையை அனலில் வாட்டிக் கட்டினால் கிழியாது.

வீடு இல்லையென்றால் கும்பகோணத்து ஓட்டலில் காலை 11 மணிக்குள் போன் செய்து, 12 இலை என்று சொல்லிவையுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்களை 1.15-ஐத் தாண்டிப் பட்டினி போடாதீர்கள்.

சாப்பிட்டதும் 2.30 வரை எதுவும் வைக்காதீர்கள். நண்பர்கள் கூடியதே இந்த நேரத்துக்காகத்தான். டிரைவருக்கும் தூக்கம் வேண்டும்.

6. மாலை: அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம்

கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. வழியில் அணைக்கரையில் 15 நிமிடம் இறங்கிக் கொள்ளிடத்தைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் திட்டமிட்ட கீழணை இது. மேட்டூர் நிரம்பி உபரிநீர் வந்தால் அது காவிரியில் அல்ல, பெரும்பாலும் கொள்ளிடத்தில்தான் திருப்பிவிடப்படும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள்போல ஆகும். எனவே பயண வாரத்தின் தொடக்கத்திலேயே உபரிநீர்ச் செய்தியைக் கவனியுங்கள். எந்த நிலையிலும் ஆற்றில் இறங்க வேண்டாம். மேலே முழங்காலளவு தெரியும் இடத்தில் அடியில் மணற்பள்ளம் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

4 மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராஜேந்திரன் ஏறத்தாழ 1035-இல் முடித்த கோயில். தஞ்சையில் தந்தை 1010-இல் கட்டியதன் விமானம் நேர்க்கோட்டில் ஏறும், இங்கே உள்வாங்கி வளைந்து ஏறும். மாலைச் சூரியன் பின்பக்கத்து மேற்குச் சுவரைப் பொன்னாக்கும், புல்தரையில் உட்கார்ந்து அதைப் பார்க்க அரை மணி ஒதுக்குங்கள். வடக்குப் படிக்கட்டருகே அடியார் சண்டேசரின் தலையில் சிவன் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. ஒரே ஒரு சிற்பத்துக்குத்தான் நேரம் என்றால் அதைப் பாருங்கள். இங்குள்ள பெரிய நந்தி தஞ்சையைப் போல ஒற்றைக்கல் அல்ல, சுதையால் கட்டியது. ட்ரோன் பறக்கவிடவோ முக்காலி வைக்கவோ தொல்லியல் துறை அனுமதி வேண்டும்.

வெயில் காய்ந்த நாளாக இருந்தால் 4 மணிக்கும் கல்தளம் சுடும். பையில் ஒரு ஜோடி பழைய சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இடி கேட்டால் திறந்த புல்வெளியிலும் ஒற்றைப் பனையடியிலும் நிற்காமல் மண்டபத்துக்குள் வந்துவிடுங்கள். இந்தப் பருவத்து இடி பெரும்பாலும் பிற்பகலில்தான்.

7. திரும்பும் சாலை

5.30-க்குக் கிளம்பிவிடுங்கள். அக்டோபரில் 6 மணிக்கே இருட்டத் தொடங்கும். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையின் பாதியில் நெல் காயும், ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்கக் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் தெரியாது. அறுவடை எந்திரம் இழுத்துவந்த களிமண் மழைத்தூறல் பட்டால் சோப்புபோல வழுக்கும். குறுக்குவழி காட்டும் மேப்பை மறந்து, மெயின்ரோட்டிலேயே வரச் சொல்லுங்கள், 40 கி.மீ. வேகம் போதும்.

கழிவறை பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், குறிப்பாகப் பெண்கள். ரயில் நிலையம், டிபன் கடை, சாப்பிடும் வீடு, திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க் என்று நான்கு இடத்தை முன்கூட்டியே குறித்து, நீங்களே வண்டியை நிறுத்துங்கள்.

கணக்கை வண்டியிலேயே முடித்து, மிச்சத்தை அன்றிரவே திருப்பி அனுப்புங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அப்படியே போட்டால் சுருங்கி மங்கும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். குழுப்படத்தைக் காலையில் தாராசுரத்திலேயே எடுத்துவிடுங்கள். சாயங்காலம் யாராவது ஒருவர் சட்டையில் புளியோதரை இருக்கும்.