காத்துல யார் நிக்கிறது? அமெச்சூர் ரோடு ரேஸை டீமா ஓட்டி ஜெயிக்கிறது எப்படி

நம்ம ஊர் சைக்கிள் ரேஸ்ல ஒரே கலர் ஜெர்சி போட்டு ஆறு பேர் ஸ்டார்ட் லைன்ல நிப்பாங்க, போட்டோல பாத்தா அப்படியே புரோ டீம் மாதிரி இருக்கும், கொடி அசைச்சு அஞ்சு நிமிஷம் ஆகட்டும், ஆறு பேரும் ஆளுக்கொரு ரேஸ் ஓட்டிட்டு இருப்பாங்க. இதுல பெரிய கொடுமை, ஒருத்தன் உயிரைக் கொடுத்து தனியா முன்னாடி போயிருப்பான், அவனை விரட்டிப் பிடிச்சு இழுத்துட்டு வர்றதே அவனோட டீம்காரனாத்தான் இருப்பான். ஜெர்சி ஒண்ணா இருந்தா மட்டும் டீம் ஆகிடாது பாஸ். ஒருத்தன் ஜெயிக்கணும்னா மத்தவங்க அன்னைக்குத் தோக்க ஒத்துக்கணும், அதை முதல் நாள் ராத்திரியே பேசி முடிச்சிருக்கணும்.

எல்லாத்துக்கும் காரணம் காத்துதான். சமதள ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துல போறப்போ நீங்க மிதிக்கிற சக்தில 80 சதவீதத்துக்கு மேல காத்தைத் தள்ளவே போயிடும், அந்த வேகத்தை இன்னும் 10 சதவீதம் கூட்டணும்னா காத்துக்கு மட்டும் மூணுல ஒரு பங்கு கூடுதலா மிதிக்கணும். அதே வேகத்துல ஒருத்தன் பின்சக்கரத்தை ஒட்டி அரை மீட்டர் இடைவெளில போனீங்கன்னா கால்வாசிக்கு மேல சக்தி மிச்சம். ஒரு ரெண்டு மணி நேர ரேஸ்ல ஒருத்தனை முழுக்க மறைச்சு கூட்டிட்டு வந்தா கடைசி ஒரு நிமிஷத்துல அவன் காலும் மத்தவங்க காலும் ஒண்ணா இருக்காது, டீம் வேலைன்னு சொல்றது பூரா இவ்வளவுதான்.

சரி, யாருக்காக ஓட்டுறது? டீம்ல நல்லா மிதிக்கிறவன்தான் லீடர்னு நினைக்காதீங்க, அந்த ரோட்டுக்கு யார் பொருத்தமோ அவன்தான் லீடர். ஈசிஆர் மாதிரி தட்டையா இருக்கிற ரோடுன்னா கூட்டமா வந்து ஸ்ப்ரிண்ட்ல முடிய வாய்ப்பு அதிகம், அப்போ கடைசி 200 மீட்டர்ல வெடிக்கிறவன் வேணும், ரொம்ப நேரம் ஒரே வேகத்துல இழுக்கிறவன் உதவிக்குத்தான் சரி. ஏற்றத்துல முடியுற ரேஸ்னா ஒல்லியா இருக்கிறவன். ரெண்டாவது ஆள் ஒருத்தனையும் முடிவு பண்ணி வைங்க, லீடருக்கு பஞ்சர் ஆனாலோ கால் பிடிச்சிக்கிட்டாலோ அங்க நின்னு கூட்டம் போட முடியாதுல்ல. பஞ்சர் ஆனா யார் சக்கரம் கழட்டிக் கொடுக்கிறதுன்னும் பேசிக்கோங்க, டிஸ்க் பிரேக்கும் ரிம் பிரேக்கும் கலந்து இருக்கிற டீம்ல இது முக்கியம், சக்கரமே பொருந்தாது. அப்புறம் பரிசுப் பணம். ஜெயிச்சவன் பேர்ல செக் வரும் ஆனா பங்கு எல்லாருக்கும்னு முன்னாடியே சொல்லிடுங்க, புரோ டீம்லயே அப்படித்தான் பிரிச்சுக்கிறாங்க, இதைப் பேசக் கூச்சப்பட்டுத்தான் நிறைய டீம் உடையுது.

ரேஸ் ஆரம்பிச்சதும் முதல் பாதி சலிப்பாத்தான் இருக்கும், சலிப்பாவே இருக்கட்டும். லீடர் முன்னாடி பத்து பதினஞ்சு பேருக்குள்ள இருக்கணும், ஆனா மூக்கைக் காத்துல நீட்டக் கூடாது, அவனுக்கு முன்னாடி ஒருத்தன் எப்பவும் நம்மாளா இருக்கட்டும். இங்க நிறைய ரேஸ் போயிட்டு யூ-டர்ன் போட்டுத் திரும்பி வர்றதுதான். அந்த யூ-டர்ன்ல முன்னாடி இருக்கிறவன் மெதுவா திரும்பி ஜாலியா மிதிச்சிட்டுப் போயிடுவான், நாப்பதாவது ஆளா இருக்கிறவன் கிட்டத்தட்ட நின்னு, திரும்பி, விட்டுப்போன இடைவெளியை மூடுறதுக்கு ஒரு முழு ஸ்ப்ரிண்ட் அடிக்கணும். அதனால யூ-டர்னுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே ரெண்டு பேர் லீடரைக் கூட்டிக்கிட்டு ஓரமா முன்னாடி ஏறிடுங்க. பாரிகேட், ஸ்பீட் பிரேக்கர், குறுகலான பாலம் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

ஈசிஆர்ல காத்துக்குன்னு தனியா ஒரு கணக்கு இருக்கு. ரோடு வடக்கு தெற்கா போகுது, கடல் கிழக்கே, அதனால கடல்காத்து அடிச்சாலும் சரி, தென்மேற்குப் பருவத்துல நிலத்துப் பக்கமிருந்து அடிச்சாலும் சரி, பக்கவாட்டுலதான் வரும். பக்கக்காத்துல முன்னாடி இருக்கிறவனுக்கு நேர் பின்னாடி மறைவு கிடைக்காது, காத்து போற பக்கமா கொஞ்சம் சாய்வா தள்ளி நின்னாத்தான் கிடைக்கும். மகாபலிபுரத்துலருந்து சென்னை பக்கமா திரும்பி வர்றீங்க, வலது பக்கத்துலருந்து கடல்காத்துன்னு வைங்க, மறைவு இடது பக்கம். இப்போ உங்க டீம் நாலு பேர் முன்னாடி வந்து இடது ஓரத்துலருந்து நாலு பேருக்கு மட்டும் இடம் விட்டு சாய்வா வரிசை கட்டி வேகம் ஏத்துனா அஞ்சாவது ஆளுக்கு ரோடே இருக்காது, வெள்ளைக் கோட்டு மேல மணல்ல தொங்கிக்கிட்டு வருவான், ரெண்டு நிமிஷத்துல கூட்டம் துண்டு துண்டாயிடும். ஏற்றமே இல்லாத ரோட்டுல ரேஸை உடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது, ஆனா இங்க யாரும் செய்றதில்லை. ரோடு முழுசா மூடாத ரேஸ்ல மட்டும் இதை முயற்சி பண்ணாதீங்க, எதிர்ல லாரி வரும்.

அடுத்தது பிரேக்அவே. நம்மாளு ஒருத்தன் நாலு பேர் கூட முன்னாடி போயிட்டான், இப்போ பின்னாடி இருக்கிற நம்ம டீம் செய்ய வேண்டிய வேலை, வேலை செய்யாம இருக்கிறது. நிஜமாத்தான் சொல்றேன். யார் விரட்டுறானோ அவன் சக்கரத்துல போய் ஒட்டிக்கோங்க, "முன்னாடி வந்து இழு"ன்னு கை காட்டுவான், திட்டுவான், சிரிச்சிட்டு அப்படியே இருங்க, அவன் டீம் ஆள் முன்னாடி இல்லாதது அவன் பிரச்சனை. தனியா எகிறிப் போறவன் பின்னாடி ஒருத்தர் ஒட்டிக்கிட்டுப் போயிடுங்க, சும்மா ஒருத்தனைச் சுமந்துட்டுப் போக எவனுக்கும் மனசு வராது, அவனே விட்டுடுவான். ஆனா வேணும்னே பிரேக் பிடிக்கிறது, குறுக்க வர்றது, இதெல்லாம் தந்திரம் கிடையாது, அடுத்தவன் தோள்பட்டை எலும்பு உடையுற வேலை.

முன்னாடி எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிக்கிட்டே இருங்க. நம்ம ரேஸ்ல காதுல ரேடியோ எல்லாம் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லயும் ரேடியோ கிடையாது, 2021ல நடந்த பெண்கள் ரேஸ்ல ஆஸ்திரியாவோட அன்னா கீசன்ஹோஃபர், கணக்குல டாக்டர் பட்டம் வாங்கினவங்க, கொடி அசைச்சதும் கிளம்பின குழுவுல போய் கடைசி 40 கிலோமீட்டர் தனியா ஓட்டித் தங்கம் வாங்கினாங்க. பின்னாடி நெதர்லாந்து டீம்ல நாலு பேரும் உலகத்தோட டாப் ஆளுங்க, முன்னாடி ஒருத்தி இருக்கிறதே தெரியாம ஓட்டினாங்க, ரெண்டாவதா வந்த வான் வ்ளூட்டன் கோட்டைத் தாண்டும்போது ஜெயிச்சிட்டோம்னு கையைத் தூக்கினாங்க. உலகத் தர டீமுக்கே அந்த கதின்னா நமக்கு என்ன. ஒவ்வொரு யூ-டர்ன்லயும் எதிர்ல வர்றவங்களை எண்ணுங்க, ரோட்டோரம் நிக்கிற நண்பன் கைல ஒரு வாட்ச் கொடுத்து எத்தனை பேர், எவ்வளவு விநாடின்னு கத்தச் சொல்லுங்க.

இன்னொரு ஆபத்து, உங்க டீம்தான் பலமான டீம்னு ஊருக்கே தெரிஞ்சிருந்தா மத்த யாரும் கை கொடுக்க மாட்டாங்க. லண்டன் 2012 ஒலிம்பிக்ஸ்ல ஸ்ப்ரிண்டர் கேவெண்டிஷுக்காக பிரிட்டன் டீம் ஓட்டுச்சு, ஒரு வாரம் முன்னாடிதான் டூர் டி பிரான்ஸ்ல முதல் ரெண்டு இடம் வாங்கின விக்கின்ஸும் ஃப்ரூமும் இழுக்கிறாங்க, மொத்தமே அஞ்சு பேர், 250 கிலோமீட்டர். "நீங்கதானே பலசாலி, நீங்களே இழுங்க"ன்னு பெரும்பாலான டீம் ஒதுங்கிடுச்சு, முன்னாடி போன கூட்டத்துலருந்து வினோகுரோவ் தங்கத்தைத் தட்டிட்டுப் போயிட்டார். அதனால ஸ்ப்ரிண்டருக்காகக் காத்திருந்தாலும் ஒவ்வொரு பெரிய பிரேக்அவேலயும் நம்மாளு ஒருத்தனை அனுப்பி வைங்க, அப்போ விரட்டுற பாரம் அடுத்தவன் தலைல.

டீம்ல ரெண்டே பேர்தான்னா லீட்-அவுட் (ஸ்ப்ரிண்டரை மறைச்சு இழுத்துட்டுப் போய் கடைசில விடுறது) எல்லாம் கனவு, மாத்தி மாத்தி அட்டாக் பண்ணுங்க. முதல் ஆள் எகிறுவான், எல்லாரும் விரட்டிப் பிடிப்பாங்க, பிடிச்சு மூச்சு வாங்குற அந்த நொடில ரெண்டாவது ஆள் எகிறணும். அஞ்சு விநாடி தாமதமானா போச்சு.

இப்போ லீட்-அவுட். 2009 டூர் கடைசி நாள் பாரிஸ்ல டீம்காரர் ரென்ஷா இழுத்து விட்டு கேவெண்டிஷ் முதல்ல, ரென்ஷாவே ரெண்டாவது, அவ்வளவு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, யூட்யூப்ல தேடிப் பாருங்க. நாலு பேர் இருந்தா நம்ம அளவுக்கு இப்படிப் பிரிக்கலாம்: முதல் ஆள் முடிவுக் கோட்டுக்கு 2 கிலோமீட்டர் முன்னாடியிருந்து 1.2 வரைக்கும், ரெண்டாவது ஆள் அங்கருந்து 600 மீட்டர் வரைக்கும், மூணாவது ஆள் 200 மீட்டர் வரைக்கும், மிச்சம் ஸ்ப்ரிண்டர். இதைவிட முன்னாடி ஆரம்பிக்கத் தோணும், தோணட்டும், ஆரம்பிக்காதீங்க, 5 கிலோமீட்டர்லயே முன்னாடி வர்ற டீம் ஒரு கிலோமீட்டர்ல காலியாகி நிக்கும். ஒவ்வொருத்தனும் வரும்போது வேகம் கொஞ்சம் ஏறணும், குறையவே கூடாது, குறைஞ்சா பக்கவாட்டுல ஆள் ஏறிடுவான். ஏத்தும்போதும் வெடுக்னு ஏத்தாதீங்க, பின்னாடி நம்ம ஸ்ப்ரிண்டரே அறுந்து போவான், அவன் "ஏத்து", "இரு"ன்னு ரெண்டே வார்த்தை கத்துனா போதும். எதிர்க்காத்துன்னா ஸ்ப்ரிண்டர் 150 மீட்டர் வரைக்கும் பொறுக்கணும், பின்காத்துன்னா 250லயே போகலாம்.

மூணாவது ஆளுக்கு ஒரு விஷயம். வலதுலருந்து காத்துன்னா இடது ஓரத்துல ஒரே ஒரு சைக்கிள் போற இடம் விட்டு ஓட்டுங்க, அந்தச் சந்து நம்ம ஸ்ப்ரிண்டருக்கு, அடுத்தவன் கடக்கணும்னா காத்துப் பக்கமா வந்துதான் கடக்கணும். நம்ம ஸ்ப்ரிண்டர் போனதும் டக்குனு மிதிக்கிறதை நிறுத்தாம, கோடு மாறாம, மெதுவா வேகம் குறைங்க, பின்னாடி முப்பது பேர் தலையைக் குனிஞ்சு வந்துட்டு இருப்பாங்க. எந்தப் பக்கம் சந்துங்கிறதை ஸ்டார்ட் லைன்லயே காத்து பாத்துச் சொல்லிடுங்க, திரும்பி வரும்போது காத்து மாறியிருந்தா யூ-டர்ன் தாண்டினதும் மறுபடி ஒருதடவை கத்திச் சொல்லுங்க.