சாவி குடுக்குமுன்ன ஊதச் சொல்லுங்க: நம்ம பக்கத்து வண்டி ஓனர்மாருக்கும் டிரைவர்மாருக்கும்

நாலஞ்சு வண்டி வச்சு டிராவல்ஸோ லாரி செட்டோ நடத்துதவியளுக்கும், ஸ்கூல் வேன் ஓட்டுத அண்ணாச்சிமாருக்கும் சேத்துத்தான் இத எழுதுதேன். போலீஸ்கிட்ட இருந்து எப்படி தப்பிக்கன்னு இதுல ஒண்ணும் கிடையாது. குடிச்ச ஆளோ போதைல இருக்க ஆளோ நம்ம வண்டி ஸ்டியரிங்ல உக்காராம இருக்க தினமும் என்ன செய்யணும், அதுக்குத்தான்.

மொதல்ல சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குத்தம். 2019ல திருத்தம் வந்த பொறவு மொத தடவைக்கு 10,000 ரூபா அபராதம் இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம், அடுத்த தடவை 15,000, ஜெயில் 2 வருசம் வரைக்கும். லைசென்ஸ் கத தனி. உச்சநீதிமன்றம் அமைச்ச சாலைப் பாதுகாப்பு கமிட்டி 2015லயே குடிச்சிட்டு ஓட்டுனா குறைஞ்சது 3 மாசம் லைசென்ஸ நிறுத்தி வைங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் சொல்லிட்டு. அபராதத்த எங்கயாவது கடன் வாங்கி கட்டிரலாம், 3 மாசம் வண்டி தொடாம ஒரு டிரைவர் வீட்ல அடுப்பு எப்படி எரியும்னு யோசிச்சுப் பாருங்க.

ஓனர்மாரு பல பேரு கவனிக்காத பிரிவு 188. குடிச்சிருக்கான்னு தெரிஞ்சும் "ஒண்ணும் ஆவாது, மெதுவா ஓட்டிட்டு போ"ன்னு சாவி குடுத்து அனுப்புனா அது குத்தத்துக்கு உடந்தை, டிரைவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை உடந்தையா இருந்தவனுக்கும். இன்சூரன்ஸும் சும்மா விடாது. டிரைவர் குடிச்சிருந்தான்னு நிரூபிச்சா நம்ம வண்டிக்கு ஆன சேதத்துக்கு காசு கிடையாது, அடிபட்டவங்களுக்கு கம்பெனி குடுத்த பணத்தக்கூட ஓனர்கிட்ட திரும்ப வசூல் பண்ணிக்கோன்னு கோர்ட் சொல்லுதது உண்டு, ஒரு சாவு கேஸ்னா அந்தத் தொகை வண்டி விலையத் தாண்டிரும்.

இப்ப முக்கியமான விசயம். நம்ம டிரைவர்மாருல வண்டிக்குள்ள பாட்டில் வச்சு குடிச்சுக்கிட்டே ஓட்டுதவன் ரொம்பக் கம்மி. பிரச்சினை எங்கன்னா ராத்திரி குடிச்சிட்டு, தூங்கி, வெள்ளன எந்திரிச்சு, குளிச்சு துன்னூறு பூசிட்டு வந்து நிக்கான் பாருங்க, அவன்தான். அவன் பொய் சொல்லல, தெளிஞ்சிட்டுன்னுதான் நிஜமாவே நினைக்கான். ஒரு குவாட்டர்னா 180 மில்லி, 42.8 சதவீதம், அதுல சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கு. 65 கிலோ எடையுள்ள ஆளுக்கு ரத்தத்துல உத்தேசமா 130 மில்லிகிராம் வரைக்கும் ஏறும். ஈரல் மணிக்கு 15 மில்லிகிராம் கணக்குலதான் கழிக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். அப்ப ராத்திரி 11 மணிக்கு முடிச்ச குவாட்டர் காலைல 5 மணிக்கு திருவனந்தபுரம் ஏர்போர்ட் டிரிப்புக்கு வண்டி எடுக்கும்போதும் 30க்கு மேலதான் நிக்கும், முழுசா காலியாவ எட்டு மணி ஒம்பது மணி ஆயிரும். இதே ஆஃப்னா மறுநாள் மத்தியானம் தாண்டியும் உள்ள இருக்கும். மோரு, எலுமிச்சம்பழம், பச்சத்தண்ணி குளியல், கட்டங்காப்பி, இதெல்லாம் முகத்தத் தெளிய வைக்கும், ரத்தத்துல இருக்கத குறைக்காது. நேரம் மட்டுந்தான் குறைக்கும். இந்தக் கணக்க டிரைவர்மாரு எல்லாரையும் உக்கார வச்சு ஒரு தடவை பேப்பர்ல போட்டு காட்டுங்க, குடிக்காதன்னு பத்து தடவை சொல்லுதத விட இது வேலை செய்யும், ஏன்னா ஊதிப் பாக்குத மெஷின் (பிரெத் அனலைசர்) தன்மேல வீண்பழி போடல, கணக்குதான் அப்படின்னு அவனுக்கே புரிஞ்சிரும்.

மெஷின் வாங்கும்போது ஆன்லைன்ல ரொம்ப சீப்பா கிடைக்கத வாங்கிராதீங்க. அதுல பாதிக்குமேல செமிகண்டக்டர் சென்சார், செண்ட் வாடை, பீடிப் புகை எல்லாத்துக்கும் கன்னாபின்னான்னு காட்டும். ஃப்யூயல் செல் சென்சார்னு கேட்டு வாங்குங்க, ஆளுக்கு ஒரு புது ஊதுகுழாய் போடுத மாடலா இருக்கட்டும். கம்பெனி எத்தன மாசத்துக்கு ஒருக்கா காலிபரேஷன் (அளவு சரியா காட்டுதான்னு சரிபாக்குதது) சொல்லிருக்கோ, பெரும்பாலும் 6 மாசம் இல்லன்னா ஒரு வருசம், அத தவறாம செஞ்சு சர்டிபிகேட்ட ஃபைல்ல வைங்க. யூனிட்ட பாத்துக்கிடுங்க, இதுல நிறைய பேரு குழம்புதாவ. 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்ங்கதும் 0.03 சதவீதம்ங்கதும் ஒண்ணுதான், சில மெஷின் மூச்சுக்காத்து லிட்டருக்கு எத்தன மில்லிகிராம்னு காட்டும், அதுல அதே அளவு சுமார் 0.14னு வரும். அத பாத்துட்டு "ரொம்பக் கம்மியாத்தான இருக்கு"ன்னு வண்டிய அனுப்பிராதீங்க.

ஊதுததுக்கு முன்ன 15 நிமிசம் எதுவும் திங்காம, குடிக்காம, பீடி சிகரெட் இழுக்காம, வாய் கொப்பளிக்காம உக்கார வைங்க. மவுத்வாஷ், இருமல் டானிக், அரிஷ்டம் (பாட்டில் லேபிள்லயே ஆல்கஹால் எவ்வளவுன்னு போட்டிருக்கும்), ஹோமியோபதி சொட்டு மருந்து இதெல்லாம் வாய்க்குள்ள ஈரமா இருக்கும்போது மெஷின் தப்பா தூக்கிக் காட்டும். 2025 ஜூலைல கேரளா பந்தளம் டெப்போல கே.எஸ்.ஆர்.டி.சி. (கேரளா அரசு பஸ்) டிரைவர்மாரு டியூட்டிக்கு ஏறுமுன்ன ஊதுனப்ப மெஷின் காட்டிருச்சு, ஆனா அவிய குடிக்கல, நல்லாப் பழுத்த பலாச்சுளை தின்னுருந்தாவ. நம்ம பக்கம் பதநீர் சீசன்லயும் கவனம் வேணும். சுண்ணாம்பு சரியா சேக்காத பதநீர் வெயில் ஏற ஏற புளிச்சு கள்ளாயிரும், திசையன்விளை, உடன்குடி ரோட்டுல வாங்கி குடிக்கும்போது புளிப்பு தட்டுச்சுன்னா ஓட்டுதவன் அத தொடக்கூடாது. அதனால மொத தடவை காட்டுனா ஆளைத் திட்டவும் கூடாது, விடவும் கூடாது. வாய் கொப்பளிக்கச் சொல்லி, 15 நிமிசம் கண்ணு முன்னால உக்கார வச்சு, புது குழாய் போட்டு மறுபடி ஊதச் சொல்லுங்க. வாய்ல மட்டும் இருந்ததுன்னா இறங்கிரும். ரத்தத்துல இருந்ததுன்னா அப்படியே நிக்கும்.

எத்தனைல நிறுத்தணும்னு கேட்டா, சட்டத்துக்கு 30, நம்ம செட்டுக்கு சைபர்னு வச்சுக்கிடுங்க. 25 காட்டுனவன அனுப்பலாமான்னு தினமும் பஞ்சாயத்து பேசிக்கிட்டு இருக்க முடியாது. அதுவும் புள்ளைங்க ஏறுத ஸ்கூல் வண்டிக்கு இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.

யாரு யாரு ஊதணும்? சாவி வாங்குத எல்லாரும். ஓனரோட மச்சான் ஓட்டுனாலும், இருவது வருசமா கூட இருக்க பெரியவர் ஓட்டுனாலும், ஓனரே ஓட்டுனாலும். ஒருத்தருக்கு விலக்கு குடுத்தா அன்னைக்கே மத்தவனுக்கு இது அவமானமாத் தோணிரும். கிளீனரும் ஊதட்டும், ராத்திரி கயத்தாறு தாண்டி ஸ்டியரிங் யார் கைக்கு போவும்னு நமக்குத் தெரியாது. அமெரிக்கால லாரி டிரைவருக்கு எப்பெப்ப டெஸ்ட் எடுக்கணும்னு சட்டத்துலயே எழுதிருக்கு: வேலைக்கு சேருமுன்ன போதைப்பொருளுக்கு, சொல்லாம கொள்ளாம திடீர்னு, ஆள பாத்து சந்தேகம் வந்தா, ஆக்ஸிடென்ட்டுக்கு அப்புறம், மாட்டுனவன் திரும்ப வேலைக்கு வரும்போது. நம்ம ஊர்ல நாலு வண்டிக்காரன்கிட்ட யாரும் வந்து இத கேக்க மாட்டாவ, இருந்தாலும் அந்த வரிசை நல்ல வரிசை, அத அப்படியே எடுத்துக்கிடலாம். ரிட்டர்ன்ல கண்காணிக்க முடியாதுங்கவிய, மதுரைல, சென்னைல நிக்க வண்டிக்கு வீடியோ கால்ல ஊதிக் காட்டச் சொல்லலாம்.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, நேரம், பேரு, வண்டி நம்பர், அளவு, ரெண்டு பேரு கையெழுத்து. வேலைக்கு சேரும்போதே "சாவி வாங்குமுன்ன டெஸ்ட்டுக்கு சம்மதம், ரிசல்ட் வெளிய போவாது"ன்னு தமிழ்ல எழுதி கையெழுத்து வாங்கிருங்க, வாசிக்கத் தெரியாதவருக்கு வாசிச்சு காட்டிட்டு வாங்குங்க. அந்த நோட்டு மேசைமேல கிடக்கக்கூடாது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுதது பெரிய பாவம், அந்த ஆளுக்கு வீட்ல பொண்டாட்டி புள்ள இருக்கு.

கஞ்சா, மாத்திரை விசயம் வேற. ஊதுத மெஷின் இத ஒண்ணும் காட்டாது. மூத்திர டெஸ்ட் கிட் மெடிக்கல்ல கிடைக்கும், ஆனா அது சந்தேகத்த மட்டுந்தான் சொல்லும். கசகசா நிறைய சேத்த சாப்பாடே ஓபியம் (அபின்) வரிசைல பாசிட்டிவ்னு காட்டிரலாம், கஞ்சா இழுக்குத பழக்கம் உள்ளவனுக்கு நிறுத்தி வாரக்கணக்குல ஆனாலும் காட்டும், அதனால கிட் ரிசல்ட்ட மட்டும் வச்சு ஒருத்தன் வேலைய எடுத்திராதீங்க, லேப்ல உறுதி பண்ணுத டெஸ்ட் எடுத்துட்டு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் வண்டி மட்டும் குடுக்காதீங்க. இன்னொண்ணு, சளிக்கு போடுத சாதாரண மாத்திரை சிலது பயங்கரமா தூக்கம் வர வைக்கும், டாக்டர்கிட்ட "நான் டிரைவர், தூக்கம் வராத மருந்தா எழுதுங்க"ன்னு சொல்லி வாங்கச் சொல்லுங்க.

ரோட்டுல போலீஸ் நிறுத்துனா டிரைவருக்கு தெரிஞ்சிருக்க வேண்டியது. யூனிபார்ம்ல உள்ள போலீசோ மோட்டார் வாகன ஆபீசரோ சந்தேகப்பட்டா ஊதச் சொல்ல சட்டத்துல அதிகாரம் இருக்கு, 203வது பிரிவு. மாட்டேன்னு அடம்பிடிச்சா அதுவே நமக்கு எதிரா நிக்கும். புது குழாய் கேளுங்க, மரியாதையா கேட்டா குடுப்பாவ, அளவு எவ்வளவு, எத்தன மணின்னு பாத்து வச்சுக்கிடுங்க. அரெஸ்ட் பண்ணுனா 2 மணி நேரத்துக்குள்ள டாக்டர் பரிசோதனை நடக்கணும்னு 202வது பிரிவுல இருக்கு. மருந்து ஏதாவது சாப்ட்டிருந்தா அத டாக்டர்கிட்ட சொல்லி எழுத வைங்க.

கடைசியா, மாட்டுன ஆள என்ன செய்ய. அன்னைக்கு வண்டி கிடையாது, வேற டிரைவர் போவணும், அதுக்கு ஒரு மாத்து ஆள் எப்பவும் கைல இருக்கணும், இல்லன்னா பார்ட்டி ஃபோன் மேல ஃபோன் போடும்போது உங்க கையே சாவிய எடுத்து குடுத்திரும். அவன் பைக்ல வந்திருந்தா அந்த சாவியையும் வாங்கி வச்சுட்டு ஆட்டோல வீட்டுக்கு அனுப்புங்க. நேத்து ராத்திரி எத்தன மணிக்கு வண்டிய விட்டு எறங்குனான்னும் பாருங்க. நைட் லைன் (தூரத்து டிரிப்) முடிச்சு உடம்பு வலிக்கு ஊத்திட்டு படுத்தவன மூணு மணி நேரத்துல எழுப்பி அடுத்த டிரிப் போடுதது நம்ம தப்பு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு 1961லயே போட்ட பழைய சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு வரம்பு இருந்துச்சு.

திரும்பத் திரும்ப மாட்டுதவனுக்கு அது நோய், வைத்தியம் வேணும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டு போங்க, ஃபோன்ல பேசணும்னா போதை மீட்புக்கு 14446 இலவச நம்பர். தினமும் குடிச்சிட்டிருந்தவன் டக்குன்னு ஒரே நாள்ல நிறுத்துனா கை நடுங்கும், வலிப்பு கூட வரும், அதனால டாக்டர் பாக்காம "இன்னையோட நிறுத்து"ன்னு ரூம்ல பூட்டி வைக்காதீங்க. திரும்பி வந்தா மொதல்ல செட்டுல வேலை, பொறவு பகல்ல பக்கத்து டிரிப், அதுக்கப்புறம் லைன். அமெரிக்கா சட்டத்துல இப்படி திரும்பி வந்தவனுக்கு மொத 12 மாசத்துல குறைஞ்சது 6 தடவை சொல்லாம டெஸ்ட் எடுக்காவ. நம்ம செட்டுல அவன் எப்படியும் தினமும் சாவிக்கு ஊதப் போறான், அதனால அவனுக்குன்னு தனி நோட்டு வேண்டாம், எல்லாரு பேரும் உள்ள அதே நோட்டுல அவன் பேரும் இருக்கட்டும்.