'கெட்' என்ற ஆங்கிலச் சொல்: அர்த்தத்தைப் பிடிப்பது எப்படி?

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களை அதிகம் தடுமாற வைப்பது 'கெட்' மாதிரியான குட்டிச் சொற்கள்தான். அகராதியைத் திறந்தால் இந்த ஒரு சொல்லுக்கு வரிசையாக அர்த்தங்கள் நிற்கும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'கெட்'டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். அர்த்தம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 1: வடிவங்கள்

நிகழ்காலம் 'கெட்', இறந்தகாலம் 'காட்'. மூன்றாவது வடிவம் பிரிட்டிஷ் முறையில் 'காட்', அமெரிக்க முறையில் 'காட்டன்'. நம் பள்ளிகளில் படிப்பது பிரிட்டிஷ் முறை. அதனால் 'காட்' போதும்.

படி 2: பின்னால் ஒரு பொருள் வந்தால்

அப்போது 'வாங்கு' அல்லது 'கிடை' என்று அர்த்தம். சாயங்காலம் இருட்டுக்கடை வரிசையில் நின்று அல்வா வாங்கினாலும் 'ஐ காட் அல்வா'. மாமா வாங்கிக் கொடுத்து உங்களுக்குக் கிடைத்தாலும் அதே 'ஐ காட் அல்வா'தான்.

இங்கேதான் கவனம் வேண்டும். தமிழில் 'எனக்கு வேலை கிடைத்தது' என்கிறோம். 'எனக்கு' என்பதை அப்படியே 'டு மீ' என்று மாற்றி வாக்கியத்தைத் தொடங்கினால் மேலே நகர முடியாது. ஆங்கிலத்தில் பெறுகிற ஆள்தான் எழுவாய். எனவே 'கு' உருபை எடுத்துவிட்டு, அந்த ஆளை முன்னால் நிறுத்துங்கள். எனக்கு வேலை கிடைத்தது: 'ஐ காட் எ ஜாப்'. அவளுக்குக் கடிதம் வந்தது: 'ஷி காட் எ லெட்டர்'. அவனுக்கு நல்ல மார்க் கிடைத்தது: 'ஹி காட் குட் மார்க்ஸ்'. இந்த ஒரு மாற்றம் கைவந்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். எனவே அடுத்த படிக்குப் போகும் முன் நீங்களே பத்து வாக்கியமாவது சொல்லிப் பாருங்கள்.

படி 3: பின்னால் ஒரு தன்மை வந்தால்

லேட், டார்க், டயர்ட், ஆங்ரி போன்ற சொற்கள் வந்தால் 'ஆகு' என்று அர்த்தம். 'நேரமாகுது' என்பதற்கு 'இட் இஸ் கெட்டிங் லேட்'. 'இருட்டிக்கிட்டு வருது' என்பதற்கு 'இட் இஸ் கெட்டிங் டார்க்'. நம்ம திருநெல்வேலிப் பக்கம் 'இருட்டிவிட்டது' என்பதை 'இருட்டிட்டு' என்போமே, அதற்கு 'இட் காட் டார்க்'. குற்றாலச் சாரலில் நனைந்து வந்தால் 'வி காட் வெட்'.

படி 4: பின்னால் ஓர் இடம் வந்தால்

'போய்ச் சேர்' என்று அர்த்தம். இடையில் 'டு' வேண்டும்: 'வி காட் டு தென்காசி அட் டென்'. ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் 'டு' கிடையாது. 'கெட் ஹோம்' என்றால் போதும்.

படி 5: வண்டியில் ஏற, இறங்க

உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டிகளுக்கு, அதாவது பஸ், ரயிலுக்கு, 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்காருகிற கார், ஆட்டோவுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. பைக், சைக்கிளில் மேலே ஏறி உட்காருகிறோம் அல்லவா, அதற்கும் 'ஆன்', 'ஆஃப்'தான். ஆகவே 'வி காட் ஆன் தி நெல்லை எக்ஸ்பிரஸ்'. வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் 'ஐ காட் ஆஃப் அட் வண்ணார்பேட்டை'. நம் ஊரில் 'கெட் டவுன்' என்று சொன்னாலும் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரரிடம் 'கெட் ஆஃப்' என்று சொல்வதே நல்லது.

படி 6: ஆள் வைத்துச் செய்த வேலை

'ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்' என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்தேன் என்று அர்த்தம். பொருளைச் சொல்லிவிட்டு, வினையின் மூன்றாவது வடிவத்தைப் போட வேண்டும்.

பேச்சில் 'கெட்' தாராளமாக வரட்டும். வேலைக்கு விண்ணப்பமோ அலுவலகக் கடிதமோ எழுதும்போது மட்டும் 'ரிசீவ்' போடுங்கள். 'ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்' என்பது அங்கே கண்ணியமாக இருக்கும்.

பயிற்சி

இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: அப்பாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு டிக்கெட் கிடைத்தது. பாளையங்கோட்டையில் ஆட்டோவில் ஏறினோம். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

விடைகள்: 'ஃபாதர் காட் ஆங்ரி'. 'ஐ காட் எ டிக்கெட்'. 'வி காட் இன் அன் ஆட்டோ அட் பாளையங்கோட்டை'. 'வி காட் ஹோம் அட் எய்ட்'.