சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு பாட்டைப் பாருங்கள்

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். நாலு நிமிடப் பாட்டுக்குள் பெண் பார்த்ததிலிருந்து மறுவீடு வரைக்கும் வந்துவிட வேண்டும் என்பார்கள். அதற்கு எனக்கு வாத்தியார் ஒரு நார்வே பாட்டுக் குழுதான். ஆ-ஹாவின் 'டேக் ஆன் மீ' வீடியோ, 1985, இயக்கம் ஸ்டீவ் பேரன். யூடியூபில் கிடைக்கும்.

முதல் தடவை சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே கதையைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, ஏதாவது நடக்கும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். காபிக்கடையில் பெண் காமிக்ஸ் படிக்கிறாள். படத்தில் இருப்பவன் கண்ணடிக்கிறான். பென்சிலில் வரைந்த கை ஒன்று பக்கத்தை விட்டு வெளியே நீள்கிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கடைக்காரம்மா வந்து பார்த்தால் நாற்காலி காலி. காசு கொடுக்காமல் ஓடிவிட்டாள் என்று நினைத்து, காமிக்ஸைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறிகிறார். உள்ளே இரண்டு பேர் இருப்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பைப் ரெஞ்சோடு இரண்டு தடியர்கள் துரத்துகிறார்களே, அதைவிட இந்தக் கசக்கல்தான் வயிற்றைக் கலக்குகிறது. எழுதிய வரிகளில் இப்படி ஒன்றைத் தேடி வட்டம் போடுங்கள்: யாரோ தெரியாமல் செய்த சின்னக் காரியம், கதையையே திருப்பிவிடும்.

அப்புறம் இரண்டு கலர் பேனா. நிஜ உலகத்துக்கு நீலம், பென்சில் உலகத்துக்குச் சிவப்பு என்று அடிக்கோடு போட்டால், எல்லை தாண்டும் இடங்கள் தானாகத் தெரியும். அவை கொஞ்சம்தான். அதனால்தான் ஒவ்வொன்றும் மனதில் நிற்கிறது.

இப்போது சத்தத்தோடு பாருங்கள். பாட்டு வரிகளில் காபிக்கடையும் இல்லை, காமிக்ஸும் இல்லை. தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஒருவன் கெஞ்சுகிறான், அவ்வளவுதான். அந்தக் கெஞ்சலை எடுத்துக்கொண்டு, கோடாக இருப்பவன் மனிதனாகத் துடிப்பதாக ஆக்கிவிட்டார்கள். நீங்கள் எடுக்கும்போதும் வரிகளை அப்படியே படமாக்காதீர்கள். 'நிலா' என்று வந்ததும் நிலாவைக் காட்டும் வீடியோக்கள் என்னிடமே நிறைய உண்டு, பழைய பாவம்.

உழைப்பையும் சொல்லிவிடுகிறேன். நடிக்கவைத்துப் படம்பிடித்ததன் மேல் மைக்கேல் பேட்டர்சனும் கேண்டிஸ் ரெக்கிங்கரும் ஏறக்குறைய 3,000 ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, கையால் வரைந்தார்கள். 16 வாரம் ஆனது. இதே பாட்டுக்கு முந்தைய ஆண்டு வெளிவந்த வீடியோவில் இந்தக் கதை கிடையாது. அப்போது பாட்டு எடுபடவில்லை. இது வந்த பிறகு 1985 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம்.

கடைசியில் அவன் சுவரில் மோதி மோதி மனிதனாகிறான். நோட்டை மூடிவிடாதீர்கள். அதே குழுவின் 'தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டி.வி.' வீடியோவின் தொடக்கத்தையும் பாருங்கள்: அவன் மறுபடி பென்சில் கோடாகி, அவளை விட்டு ஓடிவிடுகிறான். அதற்கு எந்தக் கலரில் கோடு போடுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.